பி.எஃப்.ஏ. சேர்ந்தாச்சு, அடுத்து என்ன? நான்கு வருடப் படிப்பைத் திட்டமிடுவது எப்படி

கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. என்ற கவின்கலை இளங்கலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "செமஸ்டருக்கு எத்தனை பேப்பர்?" பி.காம்., பி.எஸ்சி. படித்த அண்ணன் அக்கா இருக்கிற வீட்டில் அது நியாயமான கேள்விதான். அங்கே பேப்பரை எண்ணினால் வேலையின் அளவு தெரிந்துவிடும். ஓவியம், சிற்பம், வடிவமைப்புப் படிப்பில் தெரியாது. இங்கே ஒரு பேப்பர் என்பது இருபது முழு ஷீட் வரைபடமாக இருக்கலாம். காய்ந்து, சுட்டு, மெருகேறி வர ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கிற நாலு ஜாடியாகவும் இருக்கலாம். கடைசி வாரம் கண்விழித்துப் படித்துக் கரையேறுகிற வித்தை ஈரக் களிமண்ணிடம் செல்லாது.

அதனால் இந்தப் படிப்பைத் திட்டமிடும்போது பாடங்களின் எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு மணிக்கணக்கையும், செய்பொருள் எடுத்துக்கொள்ளும் நாள்கணக்கையும் பாருங்கள். இதில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி போன்ற இடங்களின் 4 வருட பி.எஃப்.ஏ. படிப்பை ஒட்டியவை. நிஃப்ட் (ஃபேஷன்), என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) பக்கம் பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளங்கலைக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சேர்ந்திருப்பது எதில் என்று சரிபாருங்கள்

சிரிக்காதீர்கள், இந்தக் குழப்பம் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள 3 வருட பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் வேறு. கவின்கலைக் கல்லூரியின் 4 வருட பி.எஃப்.ஏ. விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் வேறு. இரண்டையும் ஊரில் "விஸ்காம்" என்றே சொல்வார்கள். முன்னது கேமரா, எடிட்டிங், விளம்பரம், ஊடகம் என்று போகும். பின்னது கையில் பென்சிலோடு தொடங்கி எழுத்துரு, இல்லஸ்ட்ரேஷன், போஸ்டர், பேக்கேஜிங் என்று போகும். வரைவதே பிடிக்காதவர் பின்னதில் சேர்ந்தால் முதல் செமஸ்டரிலேயே மூச்சு முட்டும்.

சென்னைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், பதிப்போவியம் (பிரிண்ட்மேக்கிங்), சுடுமண் வடிவமைப்பு, துணி வடிவமைப்பு என்று 6 துறைகள். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் உண்டு. கோயில் சிற்பம், மரபுக் கட்டடக்கலை என்று போக வேண்டுமானால் மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரிதான் இடம். அங்கே பாடத்திட்டமே வேறு மரபு. சிற்பம் எழும்பூரிலும் இருக்கிறது, மாமல்லபுரத்திலும் இருக்கிறது, ஒன்றுதானே என்று நினைத்துச் சேராதீர்கள்.

ரெகுலேஷனை வாங்கிப் படியுங்கள்

சிலபஸ் எல்லோரும் வாங்குவார்கள். ரெகுலேஷன் என்ற இன்னொரு ஆவணம் இருப்பது பலருக்கு மூன்றாம் வருடம் அரியர் விழும்போதுதான் தெரியவரும். அலுவலகத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் சீனியரிடம் கேளுங்கள். அதில் தேட வேண்டியவை: பட்டம் வாங்க மொத்தம் எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் புள்ளி), ஒவ்வொரு ஸ்டுடியோ (செய்முறை) பாடத்திலும் இன்டர்னல் எவ்வளவு, எக்ஸ்டர்னல் எவ்வளவு, வருகைப்பதிவு எத்தனை சதவீதம், சப்மிஷனைத் தவறவிட்டால் அதே செமஸ்டரில் மறுவாய்ப்பு உண்டா, அடுத்த வருடம்தானா, எந்தப் பாடத்தை முடித்தால்தான் எந்தப் பாடத்துக்குள் போக முடியும்.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிதானியுங்கள். தியரியில் அரியர் என்றால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஸ்டுடியோ பாடத்தில் அரியர் விழுந்தால் அந்த வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், அதுவும் அந்த செமஸ்டரின் புது வேலைகளோடு சேர்த்து. ஆகவே நெருக்கடி வந்து ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் ஸ்டுடியோவைக் காப்பாற்றுங்கள். தியரி ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கிரெடிட்டை மணியாக மாற்றுங்கள்

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இல் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி 4 வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 160 கிரெடிட். 8 செமஸ்டருக்குப் பிரித்தால் சராசரி 20. விரிவுரை என்றால் 1 கிரெடிட்டுக்கு ஒரு செமஸ்டரில் 15 மணி நேரம். செய்முறை என்றால் 30 மணி நேரம். உங்கள் பல்கலைக்கழகம் இதைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கலாம். அவர்கள் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.

ஒரு செமஸ்டரில் தியரி 6 கிரெடிட், ஸ்டுடியோ 14 கிரெடிட் என்று வைப்போம். 15 வாரத்தில் பரப்பினால் தியரிக்கு வாரம் 6 மணி, ஸ்டுடியோவுக்கு வாரம் 28 மணி. ஆக 34 மணி நேரம் கல்லூரிக்குள்ளேயே போகிறது. இதற்கு மேல் வீட்டு வேலை, ஸ்கெட்ச், பொருள் வாங்க அலைவது, பிரிண்ட் போடக் கடையில் காத்திருப்பது. 20 கிரெடிட் என்ற எண்ணைப் பார்த்து "பி.காம். பையனுக்கும் இதே அளவுதானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கப்போகிறவர் இந்தக் கணக்கைப் போடாமல் வேலைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. முதல் வருடம் வார இறுதி வேலை மட்டும் என்றால் சமாளிக்கலாம். தினமும் மாலை 4 மணிக்கு ஓட வேண்டிய வேலை என்றால் ஸ்டுடியோ அடிபடும்.

முதல் வருடம்

பல கல்லூரிகளில் முதல் வருடம் அடிப்படைப் பயிற்சி. ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்களை வரைவது), ஹெட் ஸ்டடி (தலை, முகம் வரைவது), பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தைத் தாளில் காட்டுவது), வண்ணம், டூ-டி டிசைன், களிமண், கொஞ்சம் பதிப்பு. "எனக்கு அனிமேஷன்தான் வேணும், நான் ஏன் மண் பிசையணும்?" என்று கேட்கிற நண்பர் ஒருவர் எல்லா பேட்சிலும் இருப்பார். மண்ணில் ஒரு மூக்கைச் சுற்றிச் சுற்றிச் செய்து பார்த்தவருக்கு, திரையில் அதே மூக்கின் நிழல் எங்கே விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வருடத்தில் எதையும் ஒதுக்காதீர்கள்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்: வாரத்தில் ஒரு நாள் அவுட்டோர், அதாவது வெளியே போய் வரைவது. எழும்பூரில் படிக்கிறவர்களுக்கு இதற்குப் பஞ்சமே இல்லை. சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையங்கள் இரண்டும் பக்கம். பாந்தியன் சாலை அருங்காட்சியகமும் நடந்தே போகும் தூரம். அங்கே சோழர் செப்புத் திருமேனிகள் முன்னால் ஸ்கெட்ச் புத்தகத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இடுப்பு ஒரு பக்கம் ஒசிந்தால் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் கோட்டில் பிடித்துப் பாருங்கள். அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களில் ஒரு சதுர அடிக்குள் எத்தனை ஆட்களை அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், காம்போசிஷன் (உருவங்களைப் பரப்பில் அமைப்பது) வகுப்பில் கேட்கிற பாதிச் சந்தேகம் தீரும். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

லேப்டாப் விஷயம். முதல் வருடம் விலையுயர்ந்த மெஷின் தேவையில்லை. கிரிட்டா, இங்க்ஸ்கேப், பிளெண்டர் மூன்றும் இலவசம்; கற்றுக்கொள்ள அவை போதும். அந்தப் பணத்தைப் பேப்பருக்கும் வண்ணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடம் உங்கள் வேலை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் சரியானதாக வாங்கலாம்.

துறையை முடிவு செய்வது

சில இடங்களில் சேரும்போதே துறை முடிவாகிவிடும், சில இடங்களில் முதல் வருடம் கழித்து. தேர்வு உங்கள் கையில் இருந்தால், அந்தத் துறையின் இறுதியாண்டு டிஸ்ப்ளேயை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். டிஸ்ப்ளேயில் எல்லாத் துறையும் அழகாகத்தான் இருக்கும். செமஸ்டர் நடுவில், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, அந்தத் துறை ஸ்டுடியோவில் போய் நில்லுங்கள். பதிப்போவியத் துறையில் மையின் வாசனையும், ஒரே பிரஸ்ஸுக்குக் காத்திருக்கிற வரிசையும் உங்களுக்கு ஒத்துவருகிறதா? சிற்பத் துறையின் தூசி, சத்தம்? துணித் துறையில் ஒரு பாவு ஓட்டி முடிக்க நாள் கணக்கில் நூலோடு உட்காரப் பொறுமை இருக்கிறதா? நான்கு வருடமும் உங்களோடு இருக்கப்போவது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில் சப்மிஷன் தேதிகளைக் கேட்டு வாங்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். வகுப்புக்கு வகுப்பு முன்னோக்கிப் போனால் தேதி வந்து மேலே விழும்.

சுடுமண்ணை எடுத்துக்கொள்வோம், அதில்தான் இது நன்றாகத் தெரியும். நவம்பர் 25 சப்மிஷன். மெருகுச் சூடு (பளபளப்புப் பூச்சோடு இரண்டாம் முறை சுடுவது) 18ஆம் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும், உலை ஆறித் திறக்கவே ஒரு நாள் போய்விடும். ஒன்றிரண்டு உடைந்தால் மாற்றுச் செய்யவும் கையில் நாள் இருக்க வேண்டும். அப்படியானால் முதல் சூடு 8ஆம் தேதிக்குள். அதற்கு முன் உருப்படி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அது ஆவியாகி, ஜாடி உலைக்குள்ளேயே வெடித்து, பக்கத்தில் வைத்த நண்பனின் ஜாடியையும் சேர்த்து உடைக்கும். வெயில் நாளில் ஒரு வாரம், பத்து நாளில் காய்வது, ஐப்பசி மழையில் மூன்று வாரம் இழுக்கும். அப்புறம், உலை உங்கள் ஒருவருக்காக எரியாது, நிரம்பினால்தான் எரியும். ஆக அக்டோபர் 15 வாக்கில் உருவம் செய்து முடிந்திருக்க வேண்டும். செய்வதற்கு இரண்டு வாரம் என்றால், வடிவம் முடிவாக வேண்டியது செப்டம்பர் கடைசியில். நடுவில் ஆயுத பூஜை வரும், தீபாவளி வரும். ஜூலையில் "இன்னும் நாலு மாசம் இருக்கே" என்று தோன்றிய வேலைக்கு, உண்மையில் இருந்தது இரண்டரை மாதம்.

தமிழ்நாட்டில் படிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: ஒற்றைப்படை செமஸ்டர்கள் வடகிழக்குப் பருவமழையில் முடிகின்றன, இரட்டைப்படை செமஸ்டர்கள் கோடையில் முடிகின்றன. மண், எண்ணெய் வண்ணம், பிளாஸ்டர் அச்சு எல்லாம் மழையில் காயத் திணறும். கேன்வாஸ் தொய்யும். அடுக்கி வைத்த பேப்பரில் பூஞ்சை வரும். கோடையில் தலைகீழ். சாயம் போட்ட துணி அரை மணியில் காய்ந்துவிடும்; ஆனால் பட்டிக்கில் (மெழுகு பூசித் துணிக்குச் சாயமிடும் முறை) மெழுகு இளகி இருக்கும், அந்த மெல்லிய விரிசல் கோடுகள் விழ வேண்டும் என்றால் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்துக் கசக்க வேண்டியிருக்கும். பாடத்திட்டத்தில் உங்களுக்கு முன்பின் மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தால், மெதுவாகக் காய்கிற வேலைகளை ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில் வையுங்கள்.

எண்ணெய் வண்ணத்துக்கும் கணக்கு உண்டு. ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு வினைபுரிந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சு சில நாளில் தொடும் அளவுக்கு வரும். தடித்துப் பூசினால் வாரக்கணக்கு. வண்ணத்துக்கு வண்ணமும் மாறும்: அம்பர் வகைப் பழுப்புகள் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் இழுத்தடிக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேற்பூச்சில் அதிகம் என்ற பழைய விதியை அவசரத்தில் மாற்றினால் பின்னால் விரிசல் விடும். கடைசி வாரம் வரைகிற கேன்வாஸ் சப்மிஷன் அன்று ஈரமாகத்தான் இருக்கும். அதை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போகிற கூத்தைப் பார்க்காத கல்லூரி இல்லை.

டிசைன் துறைக்காரர்கள் "எங்களுக்கு எதுவும் காய வேண்டியதில்லை" என்பார்கள். அச்சகம் இருக்கிறதே! கல்யாண சீசன், டிசம்பரில் காலண்டர் டைரி வேலை, தேர்தல் வந்தால் அது வேறு. பத்தே பத்து போஸ்டர் அடிக்க வந்த மாணவரை அப்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் தாளில் மங்கி வரும், இன்னொரு முறை அடிக்க வேண்டியிருக்கும். அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

இத்தனையும் ஒரே நேரத்தில் எப்படி? ஈர வேலை ஒன்று ஓடும்போது உலர் வேலை ஒன்றை ஜோடி சேர்ப்பதுதான் வழி. காலையில் கேன்வாஸில் ஒரு பூச்சு போட்டால் அது காயும்வரை தொட முடியாது. அந்த நேரத்துக்கு எழுத்துருப் பயிற்சி, மர அச்சு செதுக்குவது, கலை வரலாற்று நோட்ஸ் என்று ஏதாவது வைத்திருங்கள். ஒரே செமஸ்டரில் இரண்டு ஈரப் பாடங்களை விருப்பப்பாடமாக எடுத்துவிடாதீர்கள். எச்சிங் மாதிரி அமிலத்தோடு செய்கிற வேலை என்றால், ஆசிரியரோ உதவியாளரோ அங்கே இருக்கிற நேரம்தான் உங்கள் நேரம். ராத்திரி தனியாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்ற கணக்கு அதில் கூடாது.

தியரியை எங்கே வைப்பது

கலை வரலாறும் அழகியலும் மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எம்.எஃப்.ஏ. (கவின்கலை முதுகலை) நுழைவுத் தேர்வு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட்டில் காட்சிக் கலைகள் தாள் என்று எங்கே போனாலும் இதே பாடம் திரும்ப வரும். ஆகவே இரண்டாம் மூன்றாம் வருடத்திலேயே நல்ல நோட்ஸாகச் சேர்த்து வையுங்கள், இறுதியாண்டில் அதற்கு நேரம் கிடைக்காது.

படிக்கிற இடத்தின் கதையையும் சேர்த்துப் படித்தால் மனதில் நிற்கும். எழும்பூர்க் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. பிற்காலத்தில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை. அவருக்குப் பிறகு முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். அந்தக் கலைஞர்கள் ஓவியம் விற்காத காலத்தில் பட்டிக் முதலான கைவினைகளைச் செய்து விற்று வயிற்றையும் இடத்தையும் பார்த்துக்கொண்டார்கள். இதைப் படித்தபின், "ஓவியத் துறைக்காரன் ஏன் துணித் துறையில் ஒரு எலெக்டிவ் எடுக்கணும்?" என்ற கேள்விக்கு விடை தானாகக் கிடைக்கும்.

எலெக்டிவ் பற்றிச் சுருக்கமாக: உங்கள் துறையை ஒட்டிய ஒன்று, முற்றிலும் விலகிய ஒன்று. மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிப் படிப்புத் தளத்தில் எடுத்த பாடத்தின் கிரெடிட்டைப் பட்டத்தில் சேர்க்க விதி இருக்கிறது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அந்தக் குறிப்பிட்ட பாடத்தை ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிவிட்டுச் சேருங்கள். வாயால் "எடுத்துக்கலாம்ப்பா" என்று சொன்னது செல்லாது.

செலவு

அரசுக் கல்லூரியில் கட்டணத்தைவிடப் பொருள் செலவுதான் கையைக் கடிக்கும். செமஸ்டர் தொடக்கத்தில் சீனியர்களிடம் ஒரு பட்டியல் எழுதி வாங்குங்கள்: எது கட்டாயம் நல்ல தரத்தில் வேண்டும், எதற்கு மலிவானது போதும். தூரிகை நல்லதாக வேண்டும். பயிற்சிக்குச் சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் போதும், 22க்கு 30 அங்குல முழு ஷீட்டாக மொத்தமாக வாங்கி நாலு பேர் பிரித்துக்கொண்டால் மிச்சம். வெள்ளை வண்ணம் எப்போதும் முதலில் தீரும், பெரிய டியூப் வாங்குங்கள்.

மூன்றாம் வருடத்திலிருந்து

இன்டர்ன்ஷிப்புக்குக் கோடை விடுமுறைதான் காலம், கேட்டு எழுத வேண்டியது ஜனவரி பிப்ரவரியில். அதற்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது உங்கள் வேலைகளின் தொகுப்பு வேண்டும். போர்ட்ஃபோலியோவுக்கு நல்ல புகைப்படங்கள் வேண்டும். ஆகவே முதல் வருடம் தொட்டே, ஒவ்வொரு வேலையும் சப்மிஷனுக்குப் போகுமுன் பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படமெடுங்கள். கல்லூரி சிலவற்றைத் திருப்பித் தராது, சில உடையும், சிலவற்றைக் கரையான் தின்னும்.

எம்.டெஸ். (வடிவமைப்பு முதுகலை) போக நினைப்பவர்கள், ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் சீட் (CEED) நுழைவுத் தேர்வு ஜனவரியில் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாம் செமஸ்டர் சப்மிஷனுக்கும் எட்டாம் செமஸ்டர் இறுதி வேலைக்கும் நடுவில் அது சரியாக வந்து உட்காரும். ஆறாம் செமஸ்டரில் கிரெடிட்டைக் கொஞ்சம் கூடுதலாக முடிக்க ரெகுலேஷன் அனுமதித்தால், ஏழாவது இலேசாகும். தேர்வுக்குப் படிக்கவும் இடம் கிடைக்கும்.

இறுதியாண்டு வேலைக்குத் தலைப்பு தேடும்போது, பொருளும் இடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எட்டடி உயரச் சிற்பம் என்றால் அதை வாசல் வழியாக எப்படி வெளியே கொண்டுபோவது என்பதும் தலைப்பின் ஒரு பகுதிதான். கல்லூரி உலையோ பிரஸ்ஸோ போதாது என்றால், கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் கலைஞர்களுக்கான ஸ்டுடியோக்கள் உண்டு. யாருக்கு, எந்த நிபந்தனையில் தருகிறார்கள் என்று செமஸ்டர் தொடங்குமுன் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

கல்லூரியை விட்டு வெளியே வருமுன் ஒரு காரியம். நான்கு வருட சிலபஸ், ரெகுலேஷன் இரண்டின் பிரதியையும் அலுவலக முத்திரையோடு வாங்கி வையுங்கள். வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால், ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ என்று கேட்பார்கள். அதற்குள் இங்கே சிலபஸ் மாறியிருக்கும், பழையதைத் தேடி எடுத்துத் தர அலுவலகத்தில் ஆள் இருக்காது.